எக்ஸ்ரே பிலிமை டிஜிட்டல் படமாக்குவது எப்படி: யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அலுமாரியின் மேலிருந்து பெரிய மண்ணிற உறையை இறக்குகிறார்கள். பிலிமை உருவி யன்னலுக்கு நேரே உயர்த்திப் பிடிக்கிறார்கள். கைத்தொலைபேசியில் ஒரு தட்டு. படம் ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ போய்விடுகிறது. அங்கே வைத்தியராக இருக்கும் மருமகன், "மாமி, ஒன்றும் விளங்கவில்லை, வேறு படம் எடுத்து அனுப்புங்கள்" என்று எழுதுகிறார். இப்படி மூன்று நான்கு தடவை அலைந்த பிறகுதான் பலர் கொக்குவிலில் உள்ள எங்கள் ஸ்டூடியோவுக்கு உறையோடு வருகிறார்கள்.

பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். வேலை பழக வந்த பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அநேகமான பிழைகள் கமராவைக் கையில் எடுக்க முன்னரே நடந்து முடிந்துவிடுகின்றன. ஆகவே கீழே உள்ள படிகளை அதே ஒழுங்கில் செய்யுங்கள்.

பின்னாலிருந்து வெளிச்சம் தரும் ஒளிப்பெட்டியில் பிலிமை வைத்துப் பார்க்கும் வைத்தியருக்குத் தெரிவதெல்லாம் நகலிலும் தெரிய வேண்டும். யாருடைய படம், எந்தத் திகதி, உடலின் எந்தப் பக்கம் என்ற மூன்றும் நகலை விட்டுப் பிரியக் கூடாது. இந்த வேலையில் நான் பார்க்கும் அளவுகோல் இவ்வளவுதான். படம் அழகாக வந்திருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. நீங்களும் பார்க்க வேண்டாம்.

1. முதலில் மூலக் கோப்பைத் தேடுங்கள்

பிலிமின் ஓரத்தில் பெயரும் இலக்கமும் கணினி எழுத்தில் அச்சாகி இருக்கிறதா? அப்படியானால் அந்தப் படம் கணினியில் பிறந்து, பின்னர் பிலிமில் அச்சிடப்பட்டது. சீ.ரி., எம்ஆர்ஐ ஸ்கான்களின் பிலிம்கள், சிறு சிறு கட்டங்களாகப் பல படங்கள் உள்ளவை, பெரும்பாலும் இந்த வகைதான். படம் எடுத்த இடத்துக்குப் போய், மூலக் கோப்பு இன்னும் இருக்கிறதா, இறுவட்டிலோ பென் டிரைவிலோ தருவார்களா என்று கேளுங்கள். மருத்துவப் படங்களைச் சேமிக்கும் கோப்பு வகைக்கு டைகொம் என்று பெயர். "டைகொம் கோப்பு" என்று சொன்னால் அவர்களுக்கு உடனே விளங்கும்.

இதை முதற்படியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. மூலக் கோப்பில் பெரும்பாலும் 4096 சாம்பல் நிலைகள் இருக்கும். அதே கோப்பை நெஞ்சறைக்கு ஒரு விதமாகவும் எலும்புக்கு இன்னொரு விதமாகவும் வெளிச்சம் மாற்றிப் பார்க்கலாம். அச்சான பிலிமில் ஒரேயொரு விதம்தான் இருக்கும். சீ.ரி. ஸ்கானில் நூற்றுக்கணக்கான வெட்டுகள் இருந்தாலும் பிலிமில் தெரிந்தெடுத்த சிலதான் வரும். மூலம் கிடைக்குமானால் பிலிமைப் படம் பிடிப்பது வீண் வேலை.

கிடைக்காதென்று உறுதியானால் அடுத்த படிக்கு வாருங்கள். பெயரை ஒளியால் பதித்த, இரு பக்கமும் மினுங்குகிற பழைய பிலிம்களுக்கு வேறு மூலம் கிடையாது. கையில் இருப்பதுதான் மூலம்.

2. தேவையானவற்றை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள்

பிலிமை எடுப்பதற்கு முன் அதை அளந்து பாருங்கள். நெஞ்சுப் படம் பெரும்பாலும் 35க்கு 43 சென்றிமீற்றர், அதாவது 14க்கு 17 அங்குலம். கை, கால், முகம் ஆகியவற்றின் படங்கள் 24க்கு 30, 18க்கு 24 என்று சிறிதாக இருக்கும்.

கடைகளில் விற்கும், ஓவியம் படியெடுக்கும் எல்ஈடி பலகைகளில் ஏ3 அளவை வாங்கிவிட்டு ஏமாந்தவர்கள் பலர். அதன் அகலம் 29.7 சென்றிமீற்றர்தான், நெஞ்சுப் படத்தின் இரு ஓரங்களும் வெளியே தொங்கும். பெரிய பிலிம்கள் இருந்தால் ஏ2 பலகை வேண்டும். அது இல்லையென்றால் 32 அங்குலத் தொலைக்காட்சித் திரை போதும். அதன் உயரம் கிட்டத்தட்ட 40 சென்றிமீற்றர். பிலிமைக் கிடையாக வைத்தால் அடங்கும். 27 அங்குலக் கணினித் திரை மயிரிழையில் போதாமல் போகும்.

சாதாரண ஸ்கானர் இதற்கு உதவாது. அது மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைப் படிக்கிறது. எக்ஸ்ரே பிலிமுக்கோ ஒளி பின்னாலிருந்து ஊடுருவி வரவேண்டும். மூடியிலும் விளக்குள்ள ஸ்கானர்கள் உண்டு. ஆனால் வீட்டுக்கு வாங்கக்கூடியவற்றில் நல்லதான எப்சன் வி850 கூட 8க்கு 10 அங்குலம் வரைதான் ஊடுருவு ஒளியில் எடுக்கும். கைப்படத்துக்கு அது மிக நல்லது. நெஞ்சுப் படத்தைத் துண்டு துண்டாக எடுத்துக் கணினியில் ஒட்டலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். ஒட்டிய இடம் எலும்பின் குறுக்கே விழுந்தால் முறிவுக் கோடு போலவே இருக்கும்.

ஆகவே ஒளிப்பலகையும் நல்ல கமராவுள்ள கைத்தொலைபேசியும்தான் வீட்டுக்கு ஏற்ற வழி. இவற்றோடு கறுப்பு மட்டை நான்கு துண்டு, ஊடுதெரியும் பிளாஸ்டிக் அடிமட்டம், பருத்திக் கையுறை, மென்மையான தூரிகை, காற்று ஊதும் ரப்பர் குமிழ், ஒரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி, தொலைபேசியை அசையாமல் பிடிக்கும் முக்காலி ஆகியவை வேண்டும். முக்காலி இல்லாதவர்கள் இரண்டு கதிரைகளுக்குக் குறுக்கே பலகை ஒன்றை வைத்து, அதன் ஓரத்தில் தொலைபேசியைக் கட்டிக்கொள்ளலாம். நானும் தொடங்கிய காலத்தில் அப்படித்தான் செய்தேன்.

3. துடைக்க முன்னர் பதிவு செய்யுங்கள்

உறையை முதலில் படம் எடுங்கள், முன்பக்கமும் பின்பக்கமும். கிளினிக் இலக்கம், திகதி, வைத்தியர் பேனாவால் எழுதிய இரண்டு சொற்கள் ஆகியவை பல தடவை உறையில் மட்டுமே இருக்கின்றன. உறைகள் இற்றுப்போன பிறகு அந்தத் தகவலை வேறெங்கும் தேட முடியாது. உள்ளே அறிக்கைக் கடதாசி மடித்துக் கிடந்தால் அதையும் எடுங்கள்.

பிறகு ஆள்வாரியாகவும், ஆளுக்குள் திகதிவாரியாகவும் அடுக்குங்கள். ஒரே வீட்டில் தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே முதலெழுத்து இருப்பது நம் ஊரில் சாதாரணம். வயதையும் திகதியையும் சேர்த்துப் பாராமல் பெயரை மட்டும் நம்பினால் கலந்துவிடும்.

ஒரே நாளில் நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த இரண்டு படங்கள் இருந்தால் அவற்றைச் சோடியாகவே வையுங்கள். நேர்ப்படத்தில் ஒரு பொருள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதென்று தெரியாது. அதைச் சொல்வது பக்கவாட்டுப் படம்தான். போர்க்காலத்து எறிகணைச் சிதறல் உடம்பில் தங்கியிருப்பவர்கள் யாழ்ப்பாணத்தில் குறைவல்ல. எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்தம் சில உலோகங்களை இழுக்கும், சூடாக்கும். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றுக்கு அருகே துண்டு இருந்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் பழைய எக்ஸ்ரேயை, இரண்டு கோணங்களிலும், அங்குள்ளவர்களிடம் காட்டியே ஆகவேண்டும். இத்தகைய பிலிம்களை மற்றவற்றுக்கு முன்னால் எடுத்து முடியுங்கள்.

மூலை வெட்டப்பட்ட பிலிம்களும் வருகின்றன. 2019 டிசம்பர் 26ஆம் திகதி கங்கண சூரிய கிரகணம் யாழ்ப்பாணத்தில் தெரிந்தபோது, பார்ப்பதற்காக எக்ஸ்ரே பிலிமை வெட்டியவர்கள் இருந்தார்கள். ஒரு பிலிமில் வெட்டிய துண்டில்தான் பெயரும் திகதியும் இருந்தன. இன்று அது யாருடைய நெஞ்சு என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எக்ஸ்ரே பிலிம் கண்ணைக் காக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

4. சுத்தம் செய்வதற்கு முன் வகையை அறியுங்கள்

பழைய பிலிம் என்பது மெல்லிய பிளாஸ்டிக் தாளின் இரு பக்கமும் வெள்ளித் துகள் கலந்த ஜெலற்றின் பூசப்பட்டது. புதிய உலர் பிலிம்களில் பல வெப்பத்தால் அச்சிடப்படுபவை. ஒன்றுக்குச் செய்வதை மற்றதற்குச் செய்தால் பிலிம் பாழாகிவிடும்.

இரண்டுக்கும் பொதுவானது இதுதான்: கையுறை போடுங்கள், ஓரத்தில் பிடியுங்கள், முதலில் காற்றை ஊதுங்கள், பின்னர் தூரிகையால் ஒரே திசையில் வருடுங்கள். ஊதாமல் துணியால் துடைத்தால் மணல் துகள் பிலிமோடு சேர்ந்து இழுபட்டுக் கீறல் விழும். கீறல் விழுந்தால் விழுந்ததுதான்.

பூஞ்சணம் பிடித்த பிலிமில் தண்ணீர் படக் கூடாது. பூஞ்சணம் தின்ற ஜெலற்றின் தண்ணீரில் கரையும். ஈரத் துணியோடு படமும் சேர்ந்து வந்துவிடும். காய்ந்த தூரிகையால் வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, முகக்கவசம் அணிந்து தட்டிவிடுங்கள். கறை மிச்சம் இருந்தால் இருக்கட்டும்.

ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பழைய பிலிம்களை உலர இழுத்துப் பிரிக்கக் கூடாது. பூஞ்சணம் இல்லையென்றால் மட்டும், குளிர்ந்த தண்ணீரில் தானாக வழுக்கிப் பிரியும் வரை ஊறவைக்கலாம். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு கலந்தது. காய்ந்த பின் வெள்ளைப் புள்ளிகளை விடும். வாகன பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை வாங்குங்கள். நண்பகலில் கூரைத் தாங்கியிலிருந்து வரும் சுடுநீரை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். ஜெலற்றின் இளகி ஓடும். பிரிந்ததும் நிழலில், தூசி இல்லாத இடத்தில், மூலையில் கவ்வியிட்டுத் தொங்கவிடுங்கள்.

உலர் பிலிமைக் காக்க வேண்டுமென்று லாமினேற் செய்யக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இயந்திரத்தின் சூடு பட்டவுடன் வெப்ப பிலிம் முழுவதும் கறுத்துவிடும். ஒரு தடவை அப்படிக் கறுத்த தாள் ஒன்றை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். பார்க்க எதுவுமே மிஞ்சியிருக்கவில்லை.

5. பக்கத்தை முடிவு செய்யுங்கள்

பிலிமை எந்தப் பக்கமாகப் புரட்டினாலும் படம் தெரியும். அதனால்தான் மிக ஆபத்தான பிழை இங்கே நடக்கிறது. வலது நுரையீரல் இடதாகிவிடும். படம் தெளிவாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

பிலிமின் ஓரத்தில் ஈயத்தால் பதிந்த ஆங்கில எழுத்து ஒன்று வெள்ளையாகத் தெரியும். ஆர் என்றால் நோயாளியின் வலது, எல் என்றால் இடது. நெஞ்சு, வயிறு, இடுப்பு போன்ற நேர்ப்படங்களை, நோயாளி உங்களுக்கு எதிரே முகம் பார்த்து நிற்பதுபோல் வைக்கவேண்டும். அதாவது ஆர் எழுத்து உள்ள பக்கம் உங்கள் இடது கைப்புறம் வரும்.

புதியவர்கள் செய்யும் பிழை, பெயர் நேராக வாசிக்கும்படி பிலிமைப் புரட்டுவது. சில பிலிம்களில் உடல் சரியாக இருக்கும்போது பெயர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறித் தெரியும். ஆர், எல் எழுத்து எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் பிலிமை வைக்க வேண்டும்; பெயரைத் தனியாகப் புரட்டி இன்னொரு படமாக எடுத்துக்கொள்ளலாம்.

இதயம் இடப்புறம்தானே என்று அதை வைத்தும் பக்கத்தைத் தீர்மானிக்காதீர்கள். இதயம் வலப்புறம் அமைந்த மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்களின் படத்தை நீங்கள் "திருத்தி" வைத்தால், வைத்தியர் காணவேண்டிய முக்கியமான செய்தியை அழித்துவிட்டீர்கள். எழுத்தே இல்லாத பிலிமானால் ஊகிக்க வேண்டாம். கோப்பின் பெயரிலேயே "பக்கம் குறிக்கப்படவில்லை" என்று எழுதுங்கள்.

6. வெளிச்சத்தை ஒழுங்கு செய்யுங்கள்

அறையை இருட்டாக்குங்கள். யன்னலை மூடி மேல் விளக்கை அணையுங்கள். பிலிம் மினுங்கும் பொருள். முன்னாலிருந்து விழும் எந்த வெளிச்சமும் அதில் பிரதிபலிக்கும். வெள்ளைச் சட்டை போட்டு நின்று எடுத்த ஒரு பிள்ளையின் படத்தில், நுரையீரலின் நடுவே சட்டைப் பொத்தான்கள் தெரிந்தன. கறுத்த உடுப்பு அணியுங்கள். மின்விசிறியையும் நிறுத்துங்கள், பிலிம் மெல்ல ஆடினாலும் நுண்கோடுகள் கலங்கும்.

பிலிமைப் பலகையின் நடுவில் வைத்து, சுற்றியுள்ள வெறும் வெளிச்சம் முழுவதையும் கறுப்பு மட்டையால் மூடுங்கள். மூடாவிட்டால் ஓரத்து ஒளி வில்லைக்குள் சிதறி, கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். அதோடு தொலைபேசி அந்த ஒளியைக் கண்டு பயந்து படம் முழுவதையும் இருட்டாக்கும். சட்டம் போல நான்கு துண்டு மட்டையை வைக்க அரை நிமிடம் போதும். நான் கண்டவரையில் படத்தை அதிகம் மாற்றுவது இந்த அரை நிமிடம்தான்.

பழைய குழல்விளக்கு ஒளிப்பெட்டியானால் பத்து நிமிடம் எரியவிட்டுத் தொடங்குங்கள். நமது மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அந்த விளக்கு நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. கமராவின் திறப்பு நேரம் மிகக் குறுகியதாக இருந்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நொடியில் 50இல் ஒரு பங்கு அல்லது 25இல் ஒரு பங்கு என்று வையுங்கள். முழுச் சுற்றுகள் அடங்குவதால் பட்டை மறையும். வெளிச்சம் குறைக்கக்கூடிய எல்ஈடி பலகைகளும் இப்படித் துடிக்கலாம். அவற்றை முழு வெளிச்சத்தில் வையுங்கள்.

தொலைக்காட்சித் திரையானால் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் நிறுத்தி, அதன் முன் பால்நிற அக்ரிலிக் தகடு ஒன்றைப் பிடித்து, பிலிமை ஐந்து சென்றிமீற்றராவது முன்னால் தொங்கவிடுங்கள். திரையோடு ஒட்டிவைத்தால் அதன் நுண்புள்ளிகள் பிலிமோடு சேர்ந்து வலைபோல அலையும்.

மின்சாரம் இல்லாத நாளில் யன்னல் உதவும். வெயில் நேரே விழாத யன்னலில் வெள்ளை வேட்டியை இறுக்கிக் கட்டி, அதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிலிமைப் பிடியுங்கள். ஒட்டிப் பிடித்தால் நெசவு தெரியும்.

பிலிம் வைக்காமல் வெறும் பலகையை ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நடு வெள்ளையாகவும் மூலைகள் மங்கலாகவும் இருந்தால் பலகை சரியில்லை என்று அப்போதே தெரிந்துவிடும்.

7. கமராவை நிறுத்துங்கள்

முதன்மை வில்லையைப் பயன்படுத்துங்கள். அகலக் கோண வில்லை ஓரங்களை வளைக்கும். இரண்டு மடங்கு வில்லை தனியாக இருந்தால் இன்னும் நல்லது. பின்னால் தள்ளி நின்று எடுப்பதால் வளைவு குறையும்.

தொலைபேசி பிலிமுக்கு இணையாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. சிறிய கண்ணாடியைப் பிலிமின் நடுவில் தட்டையாக வைத்துத் திரையைப் பாருங்கள். கமரா வில்லையின் பிம்பம் படத்தின் நடுவில் தெரிந்தால் இணை. விலகினால் தொலைபேசியை நகர்த்துங்கள். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு அடிமட்டத்தை ஓரத்தில் வையுங்கள்.

ஒளிப்பாய்ச்சி, தானியங்கி எச்டிஆர், இரவு நிலை, அழகூட்டல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இவை விளிம்புகளைக் கூர்மையாக்கும், நுண்ணியவற்றை மழுப்பும். எலும்பின் விளிம்பில் இல்லாத ஒரு வெள்ளைக் கோட்டை மென்பொருள் வரைந்துவிட்டால் அதை யார் பிரித்தறிவது? ஐஎஸ்ஓவை, அதாவது கமராவின் ஒளி உணர்திறனை, தொலைபேசியின் மிகக் குறைந்த எண்ணில் வையுங்கள். ஆர் அல்லது எல் எழுத்தின் விளிம்பில் குவியத்தைப் பூட்டுங்கள். அதைவிடக் கூர்மையான விளிம்பு அநேகமாகப் பிலிமில் இருக்காது. இரண்டு நொடித் தாமதத்தில் படம் எடுங்கள், விரல் பட்டு அசையாமல் இருக்க.

8. ஒரு பிலிமுக்கு மூன்று வெளிச்சம்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் நினைவில் வைத்திருப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

பிலிமின் கறுப்பான இடம், தன் பின்னால் விழும் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் விடுகிறது. வெள்ளையான இடம் பாதிக்கு மேல் விடுகிறது. மனிதக் கண் அங்குமிங்கும் பழகிப் பார்த்துக்கொள்ளும். தொலைபேசி சேமிக்கும் சாதாரணப் படத்தில் 256 நிலைகள்தான் உண்டு. அதற்குள் இவ்வளவு வேறுபாடு அடங்காது. கூர்மை போதாதென்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள். பிலிமை டிஜிட்டலாக்க அமெரிக்கக் கதிரியல் கல்லூரி வகுத்த அளவு மில்லிமீற்றருக்கு 2.5 கோட்டுச் சோடி. ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்தது ஒரு சோடி, ஆகவே மில்லிமீற்றருக்கு ஐந்து புள்ளி. 12 மெகாபிக்சல் கமரா நெஞ்சுப் படத்தில் மில்லிமீற்றருக்கு எட்டுப் புள்ளி வரை தருகிறது. வில்லையின் மங்கலுக்குக் கொஞ்சம் கழித்தாலும் பற்றாக்குறை பெரிதல்ல. அதே அளவுகோல் 10 பிற் ஆழம், அதாவது 1024 நிலைகள் கேட்கிறது. நமது குறை அங்கேதான்.

ஆகவே தொலைபேசியை அசைக்காமல் மூன்று படம் எடுங்கள். ஒன்று சாதாரண வெளிச்சத்தில். ஒன்று கமராவின் வெளிச்ச அளவை இரண்டு படி (+2) கூட்டி: நுரையீரல், தோலின் ஓரம், விரல்களின் சதை ஆகிய கறுத்த இடங்கள் இதில் திறக்கும். ஒன்று இரண்டு படி (-2) குறைத்து: எலும்பு, பல், உலோகம் ஆகிய வெளுத்த இடங்கள் இதில் பிரியும். தொலைபேசியில் மூல நிலை, அதாவது டிஎன்ஜி வசதி இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள்.

ஒரு வயதான அம்மா தன் தொடைப் படத்தைக் கொண்டுவந்தார். "தம்பி, இதற்குள் சன்னம் இருக்கிறது, முன்னர் டொக்டர் காட்டினவர்" என்றார். சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படத்தில் தொடை எலும்பு ஒரே வெள்ளைத் தூணாக இருந்தது, வேறொன்றும் இல்லை. வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தபோது எலும்பு சாம்பல் நிறமாக இறங்கியது. அதன் உள் விளிம்போடு ஒட்டி, நெல்மணி அளவில், ஒரு மூலை கூர்ந்த வெள்ளைத் துண்டு தனியாக நின்றது. எலும்பை விட உலோகம் கதிரை அதிகம் மறிக்கும். அதனால் பிலிமில் அது எலும்பை விடவும் வெளிறியிருக்கும். சாதாரண வெளிச்சத்தில் இரண்டும் ஒரே வெள்ளையாகக் கலந்துவிட்டன. அம்மா திரையில் விரலை வைத்து, "இதுதான்" என்றார். முதற்படத்தை மட்டும் அனுப்பியிருந்தால், பார்த்தவர் உலோகம் இல்லை என்றே எழுதியிருப்பார்.

முழுப் பிலிமையும் மூன்று தடவை எடுத்த பிறகு, சந்தேகமான இடத்தைக் கிட்டப் போய் எடுங்கள். கிட்டப் படம் எந்த இடத்தைச் சேர்ந்ததென்று புரியும்படி அருகிலுள்ள ஒரு மூட்டோ விலா எலும்போ சட்டத்துக்குள் வரட்டும்.

அடுத்த பிலிமை எடுக்க முன், எடுத்ததைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெயர் வாசிக்கிறதா? பக்க எழுத்து இருக்கிறதா? நான்கு ஓரமும் வந்திருக்கின்றனவா? பிலிம் பலகையில் இருக்கும்போதே பார்த்தால் திருத்த ஒரு நிமிடம்.

9. கணினியில் தொடக்கூடியதும் கூடாததும்

மூலப் படங்களை ஒரு கோப்புறையில் போட்டு, அதைத் தொடாதீர்கள். திருத்தம் எல்லாம் நகலில் மட்டும். கிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும்.

நிறத்தை நீக்கிச் சாம்பலாக்கலாம். பிலிமின் நீலச்சாயத்துக்கு மருத்துவப் பொருள் எதுவுமில்லை. சாய்வை நேராக்கலாம். பிலிமின் ஓரம் வரை வெட்டலாம், ஓரத்துக்கு உள்ளே வெட்டக் கூடாது. வெளிச்ச அளவைச் சற்றே சரிசெய்யலாம்.

கூர்மையாக்கல், இரைச்சல் நீக்கல், கீறலை அழித்தல் மூன்றும் விலக்கு. கீறலை அழிக்கும் கருவி அருகிலுள்ள புள்ளிகளைக் கொண்டு அந்த இடத்தை நிரப்புகிறது. கீறலுக்கு அடியில் உண்மையான முறிவு இருந்தால் அதுவும் சேர்ந்து மறையும். கீறல் இருக்கட்டும், கூடவே "இடது மேல்மூலையில் பிலிம் கீறல்" என்று ஒரு வரி எழுதுங்கள். கறுப்பை வெள்ளையாக மாற்றும் பொத்தானையும் தொடாதீர்கள். எலும்பு வெள்ளையாகவே இருக்கவேண்டும்.

10. பெயரிட்டுச் சேமியுங்கள்

சேமித்து வைக்கும் பிரதி டிஃப் அல்லது பிஎன்ஜி. அனுப்பும் பிரதி ஜேபெக், தரம் 90க்கு மேல். ஜேபெக்கைத் திரும்பத் திரும்பத் திறந்து சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இழக்கும்.

கோப்பின் பெயர் ஆண்டில் தொடங்கட்டும்: 1998-06-14_நெஞ்சு_நேர்_01 என்பதுபோல. அப்படியானால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கும். நோயாளியின் முழுப் பெயரைக் கோப்பின் பெயரில் எழுதாமல் கோப்புறையில் வையுங்கள்.

வைத்தியசாலை டைகொம் வடிவில் கேட்டால், டிசிஎம்டிகே என்ற இலவசத் தொகுப்பில் ஜேபெக்கை டைகொமாக மாற்றும் கருவி உண்டு. கேட்காவிட்டால் செய்ய வேண்டாம். நோயாளி இலக்கத்தில் ஓர் எண் மாறினால் படம் வேறொருவரின் பதிவுக்குள் போய் இருந்துவிடும்.

இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

11. அனுப்புங்கள்

படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். இணைப்பில் "ஆவணம்" என்பதைத் தெரிந்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். பாடுபட்டு எடுத்த படம் கடைசி நொடியில் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

தொலைபேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு ஒளிந்திருக்கும். ஆவணமாக அனுப்பும்போது அதுவும் சேர்ந்து போகும். கமரா அமைப்பில் இடக்குறிப்பை முன்கூட்டியே நிறுத்துங்கள். படத்துக்கு உரியவரிடம் யாருக்கு அனுப்புகிறோம் என்று கேட்டு, அவர் சம்மதித்த பிறகு அனுப்புங்கள். குடும்பக் குழுவில் போடாதீர்கள். வருத்தம் ஊர் முழுவதும் பரவுவதை விரும்புகிறவர் யாருமில்லை.

கூடவே நான்கு வரி எழுதுங்கள்: வயது, படம் எடுத்த திகதி, என்ன வருத்தத்துக்காக எடுத்தது, இது பிலிமைத் தொலைபேசியால் எடுத்த நகல் என்பது. கடைசி வரி கட்டாயம். நகலை நகலென்று அறிந்த வைத்தியர் அதில் தெரியாததை "இல்லை" என்று முடிவுகட்டமாட்டார். அளவுகளையும் அதில் அளக்கமாட்டார்.

12. பிலிமைத் திருப்பி வையுங்கள்

நகல் எடுத்தாயிற்றென்று பிலிமை எறியாதீர்கள். வெள்ளிக்காகப் பழைய பிலிம் வாங்குகிறவர்களிடமும் கொடுக்காதீர்கள். நாளைக்கு இதைவிட நல்ல ஸ்கானர் கிடைத்தால் மீண்டும் எடுக்க மூலம் வேண்டும்.

கடதாசி உறையில், புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். படுக்கையாக அடுக்கினால் பாரத்தில் அடியில் உள்ளவை ஒட்டிக்கொள்ளும். பொலித்தீன் உறை ஈரத்தைப் பூட்டிவைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சணம் வர அது போதும். சுவரோடு ஒட்டாமல், தகரக் கூரைக்கு நேர் கீழே இல்லாமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். தை பிறந்ததும் ஒருதடவை எல்லாவற்றையும் வெளியில் எடுத்து, நிழலில் காற்றாட விடுங்கள்.

வேறொருவரின் பிலிமானால், அவர் முன்னாலேயே எண்ணி அதே உறைக்குள் இடுங்கள். எத்தனை பிலிம், எந்தத் திகதியில் பிரதி எடுத்தது என்பதை உறையின் வெளியே பென்சிலால் எழுதுங்கள். பிலிம் உள்ளே இருக்கும்போது குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் அந்தத் தடம் பிலிமில் பதியும். ஆகையால் எழுதிவிட்டுப் பிலிமை உள்ளே வையுங்கள்.